நோட்டில் எழுதாத வாரத்தில் என்ன கற்கிறார்கள்?

கடலூரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஒன்பது வயது மகளை இந்தக் கல்வியாண்டில் புதுச்சேரியிலுள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை பையைத் திறந்து பார்த்தால் நோட்டில் இரண்டு பக்கங்கூட எழுதியிருப்பதில்லை. என்ன படித்தாய் என்று கேட்டால் 'தண்ணீர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறாள். முன்பு படித்த பள்ளியில் அன்றாடம் நான்கு பாடங்களுக்குக் கிளாஸ் ஒர்க் இருக்கும், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்கள். அப்படியானால் திங்கள் முதல் வெள்ளி வரை அந்த வகுப்பறையில் நடப்பது என்ன, அதில் படிப்பு எவ்வளவு என்பது அவருடைய கேள்வி.

கடலூர் மாவட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பதினான்கு ஆண்டுகளும், அதன்பின் புதுச்சேரியில் பன்னாட்டுப் பாடத்திட்ட வகுப்புகளில் ஒன்பது ஆண்டுகளும் பணியாற்றியவன் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தக் கவலை நியாயமானது. இதைக் கேட்கும் பெற்றோருக்குப் பள்ளிகள் பெரும்பாலும் அழகான சொற்களைத் தருகின்றனவே தவிர, ஒரு வாரம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டுவதில்லை.

முதலில் 'பன்னாட்டுப் பள்ளி' என்ற பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புதுச்சேரியில் இந்தப் பெயருக்குப் பல பொருள்கள் உண்டு. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியான லிசே பிரான்சே இன்றும் பிரான்ஸ் நாட்டின் பாடத்திட்டத்தையே நடத்துகிறது. ஸ்ரீ அன்னை 1943 டிசம்பர் 2 அன்று ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளிதான் பின்னர் ஸ்ரீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் ஆயிற்று. அங்குத் தேர்வும் பட்டமும் இல்லை. ஆரோவில்லின் பள்ளிகள் வேறொரு வழியில் செல்கின்றன. இவை தவிர, ஜெனீவாவில் 1968இல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலாரியேட் என்னும் ஐ.பி. அமைப்பின் பாடத்திட்டத்தையோ கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தையோ பின்பற்றும் பள்ளிகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் மட்டும் 'இன்டர்நேஷனல்' என்று எழுதிக்கொண்டு, உள்ளே வழக்கமான சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் பள்ளிகளும் நாடெங்கும் உண்டு. உங்கள் மகளின் பள்ளி எந்த அமைப்பின் அங்கீகாரம் பெற்றது என்பதை நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஐ.பி.யின் தொடக்கநிலைத் திட்டம் என்றே தோன்றுகிறது. அதைச் சுருக்கமாகப் பி.ஒய்.பி. என்பார்கள். மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றியதுதான்.

மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக 1997இல் வந்த திட்டம் அது. அதில் அறிவியல், சமூக அறிவியல் என்று தனித்தனிப் பாடநூல் வைத்து அத்தியாயம் அத்தியாயமாகப் போவதில்லை. நாம் யார், இடத்திலும் காலத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்கிறோம், பூமியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறோம் என்ற ஆறு பெருந்தலைப்புகள் உள்ளன. தொடக்க வகுப்புகளில் ஆண்டுக்கு ஆறு யூனிட்டுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தாறு வாரங்கள் நடக்கும். உங்கள் மகள் சொல்லும் 'தண்ணீர்' பெரும்பாலும் அந்த ஆறாவது தலைப்பின்கீழ் வரும் யூனிட்டாக இருக்கும். நம் அரசுப் பள்ளிகளில் 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவிய செயல்வழிக் கற்றலைப் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாக இருக்காது. பாட அட்டைகளும், அவற்றின் வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படமும், குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகையும் இருந்த அந்த வகுப்பறையில்தான் ஆசிரியர் பேச்சைக் குறைத்தால் குழந்தையின் வேலை பெருகும் என்பதை நான் கற்றேன். வேறுபாடு ஒன்று உண்டு: அங்கே குழந்தை ஏறவேண்டிய படி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இங்கே அடுத்த படியைக் குழந்தையின் கேள்வியும் ஆசிரியரின் திட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

பொதுவாகப் பேசுவதைவிட, இதே தண்ணீர் யூனிட்டில் 2025 ஜனவரிக் கடைசி வாரத்தில் நான்காம் வகுப்பில் நான் நடத்திய ஐந்து நாட்களைச் சொல்கிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருகிக் கடலூரையும் பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வகுப்பிலிருந்த இருபத்திரண்டு குழந்தைகளில் பாதிப்பேர் வீட்டில் தண்ணீர் புகுந்திருந்தது. அதனால் அந்த யூனிட்டுக்குக் குழந்தைகளிடம் சொந்தக் கேள்விகள் இருந்தன.

திங்கட்கிழமை காலை மேசைமேல் நான்கு பாட்டில்களில் தண்ணீர் வைத்தேன். ஒன்று கடற்கரைக் குப்பத்துக் கிணற்றிலிருந்து வந்தது, ஒன்று வில்லியனூர்ப் பக்கத்து ஆழ்குழாயிலிருந்து, ஒன்று நகராட்சிக் குழாயிலிருந்து, நான்காவது கடையில் வாங்கிய கேன் தண்ணீர். எது எது என்று எழுதி ஒட்டவில்லை. குடித்துப் பார்க்கக் கூடாது. பார்க்கலாம், முகரலாம், அளக்கலாம். குழந்தைகள் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கரண்டி எடுத்துக் கறுப்புத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். மதியம் போய்ப் பார்த்தபோது ஒரு தட்டில் வெள்ளை வளையம் தடிமனாகப் படிந்திருந்தது, இன்னொன்றில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. நான் விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றும் கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முப்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் வந்தன. அவற்றைக் குழந்தைகளே மூன்று குவியலாகப் பிரித்தார்கள்: புத்தகத்தில் பார்த்தால் தெரிபவை, செய்து பார்த்தால் தெரிபவை, யாரையாவது கேட்டால்தான் தெரிபவை. இந்தப் பிரித்தலுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சீட்டு விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் ஒரு கேள்விக்கு எப்படிப்பட்ட சான்று பதிலாகும் என்று ஒன்பது வயதுக் குழந்தை தீர்மானிக்கும் இடம் அதுதான், அந்த வாரத்தின் மிகக் கடினமான படிப்பு என்று நான் கருதுவதும் அதைத்தான். அதற்கு நோட்டில் ஒரு வரியும் மிஞ்சாது. சுவரில் மூன்று சார்ட்டுகள் மிஞ்சும்.

செவ்வாய்க்கிழமை மொழிக்கு அதிக நேரம் ஒதுக்கினோம். ஆங்கிலத்தில் நீர்ச்சுழற்சி பற்றிய ஒரு கட்டுரையைக் குழுக்களாகப் படித்துச் சுருக்கி எழுதினார்கள். அதை விரைவாகக் கடந்து தமிழ் வகுப்புக்கு வருகிறேன். பாரதி பூங்காவின் நடுவிலிருக்கும் வெள்ளை மண்டபத்தைப் பார்க்காத குழந்தை புதுச்சேரியில் இல்லை. அது ஏன் ஆயி மண்டபம் எனப்படுகிறது என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆயி என்ற பெண்ணின் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்ட மன்னர் கிருஷ்ணதேவராயர், உண்மை தெரிந்ததும் அதை இடிக்க ஆணையிட்டார் என்றும், அவளே அதை இடித்துவிட்டு அவ்விடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்றும் கதை வழங்குகிறது. பல தலைமுறைக்குப் பின் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டபோது, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்ததே அந்த மண்டபம். தமிழ் ஆசிரியை இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், குளம், குட்டை, ஏரி, ஏந்தல், தாங்கல், ஊருணி, கேணி, மதகு, கலங்கல் ஆகிய சொற்களைப் பலகையில் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு வேறுபாடு தெரிந்து வரச் சொன்னார். அடுத்த நாள் வந்த விளக்கங்களில் ஒரு பாட்டியின் விளக்கம் எந்த அகராதியையும்விடத் தெளிவாக இருந்தது: ஏரியில் மதகு இருக்கும், அது வயலுக்கு, குளத்தில் படி இருக்கும், அது மனிதருக்கு.

புதன்கிழமை பாகூர் ஏரிக்குப் போனோம். உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலிருக்கும் அந்த ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. சுற்றுலா என்று இதை நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு குழுவிடமும் திங்கட்கிழமைச் சீட்டுகளில் 'கேட்டால்தான் தெரியும்' குவியலிலிருந்து மூன்று கேள்விகள் இருந்தன. கரையிலிருந்த முதிய விவசாயி ஒருவர் மதகு எப்படித் திறக்கிறது, எந்த மதகின் நீர் எந்தப் பக்கத்து வயலுக்குப் போகிறது என்று நடந்து காட்டினார். "ஏரியில தண்ணி குறஞ்சா யார் வயலுக்கு முதல்ல விடுவாங்க தாத்தா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குத்தான் கண்ணு முறைன்னு ஒண்ணு வச்சிருக்கோம். முறை தவறினா சண்ட வந்துரும்" என்றார். பொதுச் சொத்தைப் பங்கிடுதல் என்ற கருத்தைப் பாடநூலின் ஒரு பத்தி இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது. பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் தங்கள் செல்வத்தைக் கொண்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று அங்கே வழங்கும் கதையையும் கேட்டுத் திரும்பினோம். பேருந்தில் ஒரு பெண்குழந்தை, "மிஸ் சொன்ன கதையிலயும் பொண்ணு, இந்தக் கதையிலயும் பொண்ணு" என்றாள். தண்ணீரோடு பெண்களுக்கு இருந்த தொடர்பைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கி யூனிட் முடியும் வரை ஓயவில்லை.

வியாழக்கிழமை கணக்கு. நாளும் ஒரு மணி நேரம் கணக்கு தனியாகவும் நடந்தது. அதில் வாய்ப்பாடும் பெருக்கலும் உண்டு. வியாழனன்று மட்டும் அதை யூனிட்டோடு இணைத்தோம். தாழ்வாரத் தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, களிமண்ணால் வரப்பு கட்டி, அளந்து ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள். தரை சற்றே சாய்வாக இருந்ததால் தண்ணீர் ஒரு மூலைக்கு ஓடியது. சமமாகப் பரவினால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைக் கணக்கிட வேண்டிய கட்டாயம் அதனாலேயே வந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்ற உண்மையை அவர்களே கண்டுபிடித்தார்கள். பிறகு வகுப்பறைக் கூரையை அளந்தோம்: 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், ஆக 96 சதுர மீட்டர். புயல் நாளின் மழையை 400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 96ஐ 400ஆல் பெருக்க 38,400 லிட்டர் வந்தது. வெயில் காலத்தில் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் கொள்ளளவு 12,000 லிட்டர் என்று எடுத்துக்கொண்டால், எங்கள் ஒரு வகுப்பறையின் கூரையில் மட்டும் ஒரே நாளில் மூன்று லாரிக்கு மேல் விழுந்திருக்கிறது. விடையைச் சரிபார்க்க நான்கு குழுக்கள் நான்கு வழிகளில் பெருக்கினார்கள். ஈரிலக்கப் பெருக்கல் தெரியாத குழந்தைக்கு அன்று அந்த வியப்பு கிடைத்திருக்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குத் திரும்ப வருகிறேன்.

வெள்ளிக்கிழமை புதிதாக எதையும் தொடங்கவில்லை. திங்கட்கிழமைச் சீட்டுகளை மறுபடி எடுத்தோம். தன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா, எப்படித் தெரியும், இப்போது அதை எப்படி மாற்றிக் கேட்பாய் என்ற மூன்றுக்கும் ஒவ்வொருவரும் எழுத்தில் விடை தந்தார்கள். திங்களன்று "எங்க வீட்டுத் தண்ணி ஏன் உப்பு?" என்று எழுதிய குழந்தை வெள்ளியன்று, "ஏரி நிறைஞ்சிருக்கு, மழையும் பெஞ்சிருக்கு, அப்புறமும் கடற்கரைக் கிணறு மட்டும் ஏன் உப்பா இருக்கு?" என்று எழுதினாள். முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி, கடலோர நிலத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதப்பதையும், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்தும் கடல் பக்கமிருந்தும் உப்புநீர் உள்ளே ஏறுவதையும் அறியும் வாசல். அடுத்த வாரம் கண்ணாடித் தொட்டியில் மணலும் நிறம் சேர்த்த உப்புநீரும் கொண்டு அதைச் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு வாரத்தில் படிப்பு நடந்ததா என்று அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: திங்களன்று கேட்ட கேள்வி வெள்ளிக்குள் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இத்தனையும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். துண்டுச்சீட்டுகள், அளவுப் பட்டியல், ஏரியில் எடுத்த குறிப்பு, பெருக்கல் தாள், வெள்ளிக்கிழமைப் பக்கம் எல்லாம் ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் உள்ள போர்ட்ஃபோலியோ கோப்பில் இருக்கும். அது பள்ளியிலேயே இருப்பதால் உங்கள் கண்ணில் படுவதில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங் வரை காத்திருக்காமல் அதைப் பார்க்கக் கேட்கலாம். நல்ல ஆசிரியர் மகிழ்ச்சியோடு காட்டுவார். பி.ஒய்.பி.யில் வெளியார் நடத்தும் தேர்வு கிடையாது, இறுதியாண்டில் குழந்தைகளே ஒரு பிரச்சினையை ஆராய்ந்து முன்வைக்கும் கண்காட்சி மட்டும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஆறாம் நிலை முடிவில் செக்பாயிண்ட் தேர்வு இருக்கிறது. எனவே பி.ஒய்.பி. பள்ளியில் இந்தக் கோப்புதான் ஏறக்குறைய முழுச் சான்று.

இந்த முறை தவறாகப் போகும் இடங்களையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதலாவது, கேள்விகளின் மகிழ்ச்சியில் அடிப்படைப் பயிற்சி கரைந்துபோவது. பன்னாட்டு வகுப்பில் என் இரண்டாம் ஆண்டில் ஒரு யூனிட் மிகச் சிறப்பாக நடந்தது என்று நான் நினைத்திருந்தேன். முடிவில் பார்த்தபோது ஐந்து குழந்தைகளுக்கு ஏழாம், எட்டாம் வாய்ப்பாடு தடுமாறியது. குழுவில் தேர்ந்த குழந்தை பெருக்க, மற்றவர்கள் படம் வரைந்து தப்பித்திருந்தார்கள். அது என் கவனக்குறைவு. அதன்பிறகு நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியாகச் செய்யும் பெருக்கல் பயிற்சியை எக்காரணத்துக்காகவும் விட்டதில்லை. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வது பழைய முறை என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏற்காதீர்கள். மனத்தில் தயாராக இல்லாத எண்ணைக் கொண்டு எந்தக் குழந்தையும் ஆராய்ச்சி செய்ய முடியாது.

இரண்டாவது, அலங்காரம். தெர்மாகோல் மாடலும் பளபளப்பான சார்ட்டும் வாரத்தை விழுங்கிவிடும் பள்ளிகள் உண்டு. அந்த மாடலைச் செய்தது பெரும்பாலும் பெற்றோராகவே இருக்கும். உங்கள் வீட்டில் இரவு பதினோரு மணிக்கு நீங்கள் ஏரி மாடல் ஒட்டிக்கொண்டிருக்க நேர்ந்தால் அந்த வாரத்தில் கோளாறு இருக்கிறது.

மூன்றாவது தமிழ். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுவே. ஏழு வயதிலிருந்தேனும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழியைக் கற்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது பி.ஒய்.பி.யின் விதி. ஆனால் அந்த இரண்டாம் மொழி தமிழாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, புதுச்சேரியில் அந்த இடத்தில் பிரெஞ்சு எளிதாக வந்து அமர்ந்துவிடும். பிரெஞ்சு கற்பது நல்லதே. என்றாலும், கடலூரில் தமிழ் பேசி வளரும் குழந்தை பத்து வயதில் தமிழ் நாளிதழின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க முடியாமல் போனால், பாகூர் ஏரிக்கரைத் தாத்தாவிடம் கேட்கும் கேள்வியை அவளால் எழுதிவைக்கவும் முடியாது, அந்தப் பாட்டியின் விளக்கத்தைப் பதிவு செய்யவும் முடியாது. தமிழ் வகுப்பு வாரத்துக்கு எத்தனை, அது யூனிட்டோடு இணைந்து நடக்கிறதா என்று கேளுங்கள். பள்ளி தருவது போதாதென்றால் வீட்டில் இரவு பத்து நிமிடம் சத்தமாகத் தமிழ் வாசிக்க வையுங்கள்.

உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும் அதன் பின்னால் இருக்கும் இன்னொன்று, பின்னாளில் மாநிலப் பாடத்திட்டத்துக்கோ சி.பி.எஸ்.இ.க்கோ மாற்ற நேர்ந்தால் என்ன ஆகும் என்பது. நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் ஓரிரு பருவத்தில் பழகிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சிரமமாக இருந்தது நேரம் வைத்து நிறைய எழுதுவதும் தமிழ்ப் பாடமும்தான். இரண்டுக்கும் இப்போதிருந்தே சிறு பயிற்சி தருவது போதும்.

மகள் 'தண்ணீர்' என்று ஒரே சொல்லில் முடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். 'என்ன படித்தாய்' என்ற கேள்விக்கு இந்த வகுப்பின் குழந்தைகள் எல்லோருமே அப்படித்தான் பதில் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் பாடத்தின் பெயர் அதுதான். அதற்குப் பதிலாக இந்த வாரம் எதைச் செய்து பார்த்தாய், உன் சீட்டில் என்ன கேள்வி எழுதினாய், அதற்கு என்ன தெரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்குப் போகும்போது தென்பெண்ணைப் பாலத்தைக் கடக்கிறீர்கள் அல்லவா, அங்கே இந்த ஆற்றிலிருந்து பாகூருக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். யூனிட் எத்தனையாவது வாரத்தில் இருக்கிறது என்பதை ஆசிரியரிடம் தெரிந்துகொள்ளுங்கள். முதலிரண்டு வாரங்களில் அவள் தயங்கினால் பொறுத்திருக்கலாம். நான்காவது வாரத்திலும் சொல்ல ஒன்றும் இல்லையென்றால், கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்து, குழுவில் அவள் செய்த பங்கு எது, தனியாகச் செய்தது எது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள்.